கள்ளக்காசும் பொய்க்காசும்

நாணயக் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறவர்கள் தவறாமல் உதிர்க்கும் சிலேடை ஒன்றுண்டு. நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. தமிழன் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தான் என்பார்கள். கைதட்டல் எழும். பிறகு சிறப்பு விருந்தினர் நாடாவை வெட்டிவிட்டு உள்ளே நுழைந்து முதல் கண்ணாடிப் பெட்டியின்மேல் குனிவார். அங்கே வெல்வெட் துணியின்மேல் ஒரு பித்தளை வட்டம் படுத்திருக்கும். ஒருபுறம் இராமர், சீதை, இலக்குவன், காலடியில் அனுமன். மறுபுறம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்ற பெயர், அரை அணா என்றோ ‘யு.கே.எல். ஒன் அணா’ என்றோ ஒரு மதிப்பு, 1616 அல்லது 1717 அல்லது 1818 என்று ஓர் ஆண்டு. கீழே ஒரு சீட்டு: கம்பெனி காலத்து அரிய நாணயம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நாம் பார்த்த பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் இந்த வட்டம் இடம்பெறாத ஒன்றை நினைவுகூர்வது கடினம். (ஊர்ப்பெயரின் முதற்பாதியை வைத்து மாணவர்கள் அடிக்கும் நகைச்சுவையை இங்கே நாமும் அடிக்கப்போவதில்லை.) அதை வைத்து உள்ளூர் வரலாறு எழுதிவிட்டவர்களும் இருக்கிறார்கள். கம்பெனியே இராமனுக்குத் தலைவணங்கியது என்று ஒரு கட்சி. கம்பெனி நம்மை ஏமாற்றத் தெய்வத்தைப் பயன்படுத்தியது என்று எதிர்க்கட்சி. இரு தரப்பும் மேடையில் மோதிக்கொள்ளும்போது காசு உண்மையா என்று கேட்பவர் எவருமில்லை.

கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். 1616 என்பது தாமஸ் ரோ ஜஹாங்கீரின் அவையில் வணிக உரிமைக்காகக் காத்துக்கிடந்த ஆண்டு. சென்னைப்பட்டினத்து நிலமே கம்பெனியின் கைக்கு வந்தது 1639-இல்தான். காசடிக்கும் உரிமையும் அதன்பின் வந்ததே. ‘யு.கே.’ என்ற முன்னெழுத்துகள் எதைக் குறிக்கின்றனவோ அந்த ஐக்கிய இராச்சியம் அப்பெயரோடு பிறந்தது 1801-இல். ‘ஒன் அணா’ என்று ஆங்கிலத்தில் பொறித்த ஓரணாக் காசு இந்த நாட்டில் புழக்கத்துக்கு வந்தது எட்வர்டு மன்னரின் காலத்தில், 1906-ஐ ஒட்டி. அதுவும் வளைவளைவான விளிம்புள்ள கப்ரோநிக்கல் காசு. அரை அணா என்னும் செப்புக்காசு கம்பெனியின் சின்னத்தோடு வந்தது 1835-இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு. ஆக, இந்தப் பித்தளை வட்டம் எந்த உண்மைக் காசுக்கும் போலி அன்று. போலி செய்வதற்கு மூலம் ஒன்று வேண்டும்; இதற்கு மூலமே கிடையாது.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. கம்பெனி நம் தெய்வங்களைக் காசில் பொறித்தது உண்மையே. புனித ஜார்ஜ் கோட்டையில் அடிக்கப்பட்ட வராகன்களில் திருமால் இரு தேவியரோடு நிற்கிறார். பின்னாளில் வந்த நட்சத்திர வராகனில் அவர் தனித்து நிற்க, மறுபுறம் விண்மீன். விசயநகர மரபில் வந்த வராகனைத்தான் இந்த மண்ணின் வணிகர்கள் நம்பினார்கள் என்பதால் கம்பெனி அதே உருவைத் தொடர்ந்தது. பக்திக்கு அதில் வேலையில்லை. 1807-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரம். மறுபுறம் திருமாலைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்துள்ள, தெய்வ உருவமுள்ள, உண்மையான கம்பெனிக் காசு! நம் கண்காட்சிகளில் அதன் நிழற்படம்கூட இருப்பதில்லை. பொய் வந்து அமர்ந்த இருக்கை மெய்க்கு உரியது என்பதை நம் அன்பர்கள் அறியவில்லை.

இவ்விடத்தில் நம் வாதத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போலிக் காசுகள் இரண்டு வகை. ஒன்று, அந்தந்தக் காலத்துச் சந்தையில் செல்லவேண்டும் என்பதற்காக அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது. இதைக் கள்ளக்காசு என்போம். மற்றொன்று, பிற்காலத்தில் சேகரிப்பவரையும் பாமரரையும் ஏமாற்றச் செய்யப்படுவது. இதைப் பொய்க்காசு என்போம். முன்னது குற்றத்தின் எச்சம். ஆனால் வரலாற்றின் ஆவணம். பின்னது வெறும் சரக்கு. நம் நாணய ஆர்வலர்கள் செய்வது என்ன? கள்ளக்காசு கையில் கிடைத்தால் ‘டூப்ளிகேட்’ என்று தூக்கி எறிகிறார்கள், அல்லது பழைய உலோகக் கடைக்கு எடைக்குப் போடுகிறார்கள். பொய்க்காசைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

கள்ளக்காசு எப்படி ஆவணமாகும் என்று கேட்பவர்களுக்கு முதலில் இங்கிலாந்தின் கதையைச் சொல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே அரசு பொன்னைக் கவனித்ததே தவிரச் சில்லறைச் செம்பைக் கவனிக்கவில்லை. 1775-க்குப் பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் அரைப்பென்னி அடிக்கப்படவே இல்லை. தொழிற்சாலைகள் பெருகின, கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. கள்ளக்காசு அந்த இடத்தை நிரப்பியது. 1787-இல் அரச நாணயச்சாலை புழக்கத்திலிருந்த அரைப்பென்னிகளைச் சோதித்தபோது சுமார் 8 விழுக்காடுதான் ஓரளவேனும் ஒழுங்கானவையாகத் தேறின. அதாவது நாடே கள்ளக்காசில்தான் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தது. அரசன் பெயரைச் சற்றே மாற்றி, ‘ஜார்ஜ் ஆள்கிறான்’ என்பதுபோல் எதையாவது பொறித்து, இது அரசன் காசுக்குப் போலி அன்று என்று வாதாடத் தோதாகச் செய்யப்பட்ட காசுகளும் உண்டு. இன்று அங்கே இவற்றை மட்டுமே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியலிட்டு நூல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஏழை எதைக் கையில் வைத்திருந்தான் என்று அறிய அரசன் அடித்த காசு உதவாது, கள்ளக்காசுதான் உதவும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே இங்கிலாந்தில் காசைப் போலி செய்வது அரசத் துரோகமாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது. நாணயச்சாலையின் பொறுப்பை 1696-இல் ஏற்ற ஐசக் நியூட்டன், வில்லியம் சலோனர் என்ற கள்ளக்காசுக்காரனைத் துரத்திப் பிடித்து 1699-இல் தூக்குமேடைக்கு அனுப்பினார். 1789 மார்ச்சில் கேத்தரின் மர்பி என்ற பெண்ணை இதே குற்றத்துக்காகத் தூக்கிலிட்டு, உடலைத் தீயிலிட்டார்கள். ஆணுக்குத் தூக்கு மட்டும், பெண்ணுக்குத் தீயும் என்பது அன்றைய சட்டம். அந்தத் தண்டனையைப் பெற்ற கடைசிப் பெண் அவள். அவள் கணவனோடு சேர்ந்து செய்த காசுகளைப் போன்றவை இன்று யாரோ ஒருவரின் இழுப்பறையில் பெயர்ச்சீட்டோடு இருக்கின்றன.

பர்மிங்காமுக்கு அருகே சோஹோவில் மேத்யூ போல்டன் நீராவி எந்திரத்தால் காசடிக்கத் தொடங்கியது இந்தக் கள்ளக்காசுப் பெருவெள்ளத்துக்கு விடையாகத்தான். 1797-இல் இங்கிலாந்தின் கனத்த பென்னியை அடித்த அதே பட்டறை, 1803-இலும் 1808-இலும் சென்னை மாகாணத்துக்கான 10 காசு, 20 காசுச் செப்புகளை அடித்தது. 1808 ஆண்டிட்ட காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைவிட்டுத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தச் செப்பைக் கடலடியிலிருந்து அள்ளினார்கள். தென்னாற்காட்டுச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்திருக்கவேண்டிய காசு இன்று உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் இராமரும் இல்லை, அனுமனும் இல்லை. கம்பெனியின் சின்னமும் பாரசீக எழுத்தும்தான். ஆகவே நம் அன்பர்களுக்கு அது வேண்டாம்.

இனி நம் ஊர் ரூபாய். 1835-இல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று ஆனபோது அதன் எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வெள்ளியின் மதிப்பும் காசின் மதிப்பும் நெருங்கியிருந்தவரை கள்ளக்காசு செய்பவன் ஈயத்தையோ வெள்ளீயத்தையோ செம்பையோ கலந்தாக வேண்டும். இல்லையெனில் அவனுக்கு இலாபமில்லை. 1870-களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. 1893 ஜூன் 26 அன்று, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. நூற்றாண்டின் இறுதிக்குள் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்சில் நிலைநிறுத்தப்பட்டது. அதிலிருந்த வெள்ளியோ அதைவிடக் கணிசமாக மலிவு. இந்த இடைவெளி முழுவதும் அரசுக்கு இலாபம். இப்போது கள்ளக்காசு செய்பவன் வெள்ளியைக் குறைக்கக்கூடத் தேவையில்லை. சுத்த வெள்ளியில், சரியான எடையில் அடித்தாலும் அவனுக்கு மிச்சம்தான். அரசு செய்தால் நாணயக் கொள்கை, பட்டறைக்காரன் செய்தால் கள்ளக்கம்பட்டம்! ஒரு விக்டோரியா ரூபாய் எடையிலும் வெள்ளியிலும் தேறி, எழுத்திலும் முகத்திலும் மட்டும் தவறினால் அதை எறிந்துவிடாதீர்கள். 1893-க்குப் பிந்தைய பொருளாதாரப் பாடம் அந்தத் துண்டில் இருக்கக்கூடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடாது. சங்கப் புலவர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள்: வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான். வண்ணக்கன் என்றால் காசு நோட்டம் பார்ப்பவன். காசின் மெய்யும் பொய்யும் பிரித்த கைகளே பாட்டும் கட்டியிருக்கின்றன. அந்தப் பாட்டை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துப் பாடம் நடத்துகிற நாம் பித்தளை வட்டத்துக்கு முன்னால் வாய்பிளந்து நிற்கிறோம்.

நம் பதிப்பாசிரியர்களிடமிருந்தும் கற்கலாம். கம்பனின் ஏடுகளில் பிறர் எழுதிச் சேர்த்த பாடல்களைப் பதிப்பாசிரியர்கள் குப்பையில் எறியவில்லை; மிகைப் பாடல்கள் என்று தலைப்பிட்டுத் தனியே அச்சிட்டார்கள். அவை கம்பனுடையவை அல்ல. ஆனால் கம்பனைப் பாடிய, கேட்ட ஊர்களின் குரல் அவற்றில் இருக்கிறது. கள்ளக்காசு அந்த மிகைப் பாடல் போன்றது. இதற்கு நேரெதிராக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘இன்னிலை’ என்ற நூல் பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று என்று வந்து சேர்ந்தது. வ.உ.சி. நல்லெண்ணத்தோடு உரையெழுதிப் பதிப்பித்தார். அது பிற்காலத்தில் புனைந்த போலி என்பதே பின்வந்த ஆய்வாளர் பலரின் முடிவு. பித்தளை வட்டம் இன்னிலையின் உறவு. தமிழ்த்துறையில் இன்னிலையைச் சங்க நூல் என்று இன்று எவரேனும் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கொடுப்போமா? பக்கத்து அறையில் நாணயக் கண்காட்சி நடந்தால் மட்டும் ஏன் அந்த விழிப்பு உறங்கிவிடுகிறது?

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் சச்சரவு, இதில் யாருக்கு என்ன இழப்பு என்று நண்பர் ஒருவர் கேட்டார். இழப்பவர் யாரென்று சொல்கிறோம்.

கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று அதுதான் வட்டத் தலைமையிடம். 1976-இல் அரசு ஏற்கும்வரை இந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளி மக்கள் கடுக்காயும் தேனும் கொண்டு கீழிறங்கி அடிவாரச் சந்தைகளில் விற்று, கிடைத்த வெள்ளி ரூபாயை மேலே கொண்டுபோனார்கள். வங்கி இல்லாத மலையில் ரூபாயே சேமிப்பு. இன்றும் சில வீடுகளில் துணிமுடிச்சுக்குள் அந்த வெள்ளி இருக்கிறது. அதைத் தேடித்தான் பொய்க்காசு மலையேறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து வந்து நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி இரண்டு காசுகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று 1818 என்று பொறித்த பித்தளை அனுமன். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, இது அரிசியை இழுக்கும், வைத்திருந்தால் ஒருநாள் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லி, அவளுடைய ஆயாவிடம் ஐந்து விக்டோரியா ரூபாய்களை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து ரூபாய் என்றால் 58 கிராமுக்கு மேல். அதில் சுத்த வெள்ளி மட்டும் 53 கிராம். இரண்டாவது, 1901 ஆண்டிட்ட ரூபாய். விக்டோரியாவின் கன்னத்திலும் கொண்டையிலும் வெள்ளி தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. தராசில் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. அக்காலத்துக் கள்ளக்காசு. இதை ஏன் அந்த ஆள் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டோம். “அவரு வேணாம்னுட்டாரு சார். இது எங்க ஆயாவோட ஆயா கடுக்காய் வித்தப்ப சந்தையில ஏமாந்த காசு. அதனாலதான் செலவாகாம இருக்கு” என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் செய்தி எந்த மாவட்ட விவரச்சுவடியில் இருக்கிறது? சமவெளி வணிகன் மலைக்காரியின் கையில் செம்புக்கு வெள்ளி பூசிய ரூபாயைத் திணித்தான். அவள் அதை வேறொருவர் தலையில் கட்டாமல் வீட்டில் வைத்தாள். நான்கு தலைமுறை அதை நினைவில் வைத்திருந்தது. அந்தக் குடும்பத்திடம் இருந்த மிக மதிப்புள்ள காசு அதுதான் என்று நாம் கருதுகிறோம். வணிகச் சந்தையில் அதன் விலை சில நூறு ரூபாய்கூடத் தேறாது. நம் ஆர்வலர் எவரிடமாவது கொடுத்திருந்தால் ‘டூப்ளிகேட்’ என்று திருப்பித் தந்திருப்பார்.

அரிசி இழுக்கும் காசு, இரிடியம் கலந்த செம்பு என்றெல்லாம் தமிழ்நாட்டில் மோசடி வழக்குகள் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கின்றன. பழைய காசுக்கு இலட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று தன் பெயரையே சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட நேர்ந்தது. மலைமீது அந்த அறிக்கை போய்ச் சேர்ந்ததா? போய்ச் சேர்ந்திருக்கக்கூடியது நம் கண்காட்சிதான். அங்கே பெட்டிக்குள் இருந்த பித்தளை வட்டத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லும்: கல்லூரியிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த வெளியூர்க்காரருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

நோட்டம் பார்ப்பது ஒன்றும் இரகசிய வித்தை இல்லை. சரியான எடை, விட்டம், விளிம்பின் கோடுகள் இவற்றைப் பார்த்தாலே பெரும்பாலான பொய்க்காசுகள் விழுந்துவிடும். அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பில் இரண்டு அச்சுப்பாதிகள் சேர்ந்த தையல் ஓடும். வார்ப்புச் சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். காந்தத்தை நம்பி ஏமாறவேண்டாம். அது இரும்பையும் நிக்கலையும் காட்டிக்கொடுக்கும், பித்தளையையும் ஜெர்மன் சில்வரையும் காட்டிக்கொடுக்காது. சுண்டிப் பார்க்கும் ஓசையும் பழகிய காதுக்குத்தான்.

நம்பத்தக்கது நீர்த்தராசு. நகைக்கடைத் தராசில் ரூபாயை நூலில் கட்டித் தொங்கவிட்டு எடைபாருங்கள். பிறகு நீரில் மூழ்கத் தொங்கவிட்டுப் பாருங்கள். 11.66 கிராம் உள்ள பழைய ரூபாய் நீரில் சுமார் 1.13 கிராம் எடை குறையும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாயானால் 1.22 அளவுக்குக் குறையும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயின் கதை தொங்குகிறது. அந்த ஆண்டின் ரூபாய் அரிது. ஆகவே பிற ஆண்டுக் காசின் இலக்கத்தைச் செதுக்கி 1939 ஆக்குகிறார்கள். உண்மையான 1939 பழைய தரத்து வெள்ளி. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபோது, கள்ளக்காசுக்காரரைத் தடுக்க விளிம்பில் தனிப் பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பும் சேர்க்கப்பட்டது. 1939 என்று முகத்தில் இருந்து, விளிம்பில் அந்தப் பள்ளமும் இருந்தால் அது 1940-க்குப் பின் பிறந்து வயதை மாற்றிச் சொல்லும் காசு. 1938-ஐ மாற்றியிருந்தால் எடையும் வெள்ளியும் தேறிவிடும். அப்போது கடைசி இலக்கத்தை உருப்பெருக்கியில் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நான்காம் வில்லியமின் 1835 ரூபாயில் நான்கு என்பதற்கு நான்கு கோடுகள் இருக்கின்றன. ரோமானிய எண்ணை ஒழுங்காக எழுதத் தெரியாத போலிக்காரன் செய்தது என்று அதை ஒதுக்கியவரை நாம் அறிவோம். அது உண்மைக் காசு, எழுத்தே அப்படித்தான். 1911-இன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மேலங்கியில் உள்ள யானை பன்றிபோலத் தெரிந்து சலசலப்பு எழ, மறு ஆண்டே உருவைத் திருத்தினார்கள். யானை சரியில்லை, ஆகவே போலி என்று அதையும் ஒருவர் சொன்னார். பித்தளை அனுமனை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை.

நமக்கு வரப்போகும் மறுப்புகள் தெரியும். பக்தியைப் புண்படுத்துகிறீர்கள் என்பார்கள். இராமடங்கா என்று வழங்கும் கோயில் வில்லைகள் வடக்கிலும் தெற்கிலும் நெடுங்காலம் செய்யப்பட்டவை, பூசையில் வைக்கப்பட்டவை. தம்மைக் காசென்று சொல்லிக்கொள்ளாத அவை மீது நமக்கு மதிப்புண்டு. கம்பெனியின் பெயரையும் பொய்யான ஆண்டையும் இராமனின் காலடியில் பொறித்தவன் பக்தன் அல்லன்.

இன்னொரு மறுப்பு: இப்படி வெளிப்படையாக எழுதினால் போலி செய்பவன் திருந்திச் செய்வான். செய்பவனுக்கு இவையெல்லாம் நமக்கு முன்பே தெரியும். தெரியாதவள் அந்த ஆயா.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள் சிலர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: முன்பு அரசின் அதிகாரத்தால் பணமாக வழங்கிய பரூக்காபாத் ரூபாய், இப்போது புழங்காவிட்டாலும் நாணயமே. பழங்காசைப் போலி செய்பவனையும் எட்டிப்பிடிக்கும் கை அது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எந்தக் காலத்திலும் இல்லாத 1616 ஓரணாவை எந்த நாணயத்தின் போலி என்று வழக்குத் தொடுப்பது? ஏமாற்று வழக்குத்தான் போடவேண்டும். அதற்கு ஏமாந்தவர் காவல்நிலையத்துக்கு வரவேண்டும். ஐந்து ரூபாய் வெள்ளிக்காக மலையிலிருந்து யார் வருவார்? அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேகரிப்புக் காசுகளின் நகல்மீது ‘நகல்’ என்ற சொல் பொறிக்கப்படவேண்டும் என்கிறது. நம் திருவிழாக் கடைகளில் விற்கும் எந்த வட்டத்திலும் அப்படி ஓர் எழுத்தை நாம் பார்த்ததில்லை.

ஆகவே சட்டத்துக்குக் காத்திராமல் நம் கையில் இருப்பதைச் செய்வோம். கண்காட்சி நடத்தும் கல்லூரிகளும் பள்ளிகளும் முதல் பெட்டியை மாற்றட்டும். பித்தளை வட்டத்தை வெளியே எடுக்கவேண்டாம். அதை அங்கேயே வைத்து, பக்கத்தில் கால் வராகனின் படத்தை வைத்து, சீட்டில் பொய் என்று எழுதி, ஏன் பொய் என்பதை நான்கு வரியில் எழுதட்டும். அடுத்த பெட்டியில் கள்ளக்காசுகள். ஒவ்வொன்றுக்கும் எடை, உலோகம், எந்த ஊரில், எந்த வீட்டில் கிடைத்தது, அந்த வீட்டில் அதைப்பற்றி என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு. கடைசிக் குறிப்புதான் முக்கியம். அதைச் சொல்லக்கூடிய கிழவிகள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.

காசு வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மண்ணுக்கடியில் கிடைத்த புதையலானால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. வீட்டில் வழிவழியாக இருக்கும் காசை எவரிடமும் கொடுப்பதற்குமுன் இருபுறமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, அருகிலுள்ள நகைக்கடையில் எடையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புளிபோட்டுத் தேய்க்காதீர்கள். திருநீறு, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். அழுக்கோடு கொண்டுவாருங்கள், வெள்ளி எங்கே தேய்ந்து செம்பு எங்கே தொடங்குகிறது என்பது அந்த அழுக்கின் ஓரத்தில்தான் தெரியும்.